சம்பந்தி தந்த நித்திரைக் குளிசை

உ

நயினாதீவு,
12.09.1979, புதன்கிழமை.

அன்புள்ள மகன் பரராசசிங்கத்துக்கு,

அம்பாள் கிருபையால் இங்கு நான், உன் அம்மா சீதேவி, சிவப்பி போட்ட கன்றுக்குட்டி, எல்லாரும் சுகம். உன்னையும் மருமகள் மனோகரியையும், பிறந்து நாலு மாதமாகியும் நான் கண்ணால் காணாத என் பேரனையும் அவளே காத்தருள வேண்டும். மேலே "எல்லாரும் சுகம்" என்ற இடத்தில் "நான்" என்று முதலாவதாக எழுதியிருக்கிறேன், அதைத் தயவுசெய்து இரண்டாந்தரம் வாசிக்கவும். நேற்று உனக்கு ஒரு தந்தி வந்திருக்கும். "தகப்பனார் கடுமை, உடனே புறப்படவும்" என்று இருந்திருக்கும். அதை அடித்தவர் உன் மாமனார் ஆழ்வாப்பிள்ளை. எனக்குக் கடுமையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நான் நித்திரை கொண்டேன், அவ்வளவுதான். மறுதந்தி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தை முடித்த கையோடு தபாற்கந்தோர் பூட்ட முதல் கொண்டுபோய் அடிப்பேன். ஆனால் தந்தியில் நாலு சொல்லுத்தான் எழுதலாம். நடந்ததை நாலு சொல்லில் சொல்ல ஏலாது.

பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் போவதுதான் முறை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சம்பந்தியம்மா சரோஜினிதேவி லண்டனுக்கு உங்களிடம் வந்தது சரி, சரக்கு அரைக்க, பத்தியம் சமைக்க, பிள்ளை குளிப்பாட்ட ஒரு ஆள் வேண்டும். ஆனால் கூடவே ஆழ்வாப்பிள்ளை எதற்கு வந்தார்? அவர் என்ன மருத்துவிச்சியா? இங்கிருந்து எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்கு வள்ளத்தில் போக இருபது நிமிடம், அதற்கே மூக்கடியில் தேசிக்காயைப் பிடித்துக்கொண்டு போகிற மனுசன் அவர். அவர் லண்டன் போனார், நான் இறங்குதுறையில் நின்று கை காட்டினேன். திரும்பி வரும்போது அங்குள்ள டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்த நித்திரைக் குளிசையைப் போட்டுக்கொண்டு, ஏறின இடத்தில் கண்ணை மூடி, கட்டுநாயக்காவில் திறந்தாராம். "சம்பந்தி, மேகத்தை மேலையிருந்து பாக்க எப்பிடி இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் நல்ல நித்திரையெல்லே" என்கிறார். ஆகாயத்தில் யன்னல் ஓரமாக ஒரு கதிரை கொடுத்து இருத்தியிருக்கிறார்கள், அதில் இருந்து குறட்டை விட்டிருக்கிறார். மகனே, உன்னிடம் ஒளிப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு பெயர் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் ஊருக்கு வந்து இருபத்தாறு நாளாகிறது. இன்னும் காலை பத்து மணிக்குத்தான் எழும்புகிறார். கேட்டால் ஜெற்லாக்காம். ஆள் நயினாதீவுக்கு வந்துவிட்டார், நித்திரை மட்டும் இன்னும் லண்டனில் நிற்கிறதாம். இடது கையில் இரண்டு மணிக்கூடு கட்டியிருக்கிறார், ஒன்று எங்கள் நேரம், மற்றது உங்கள் நேரம். கோயில் வீதியில் யாராவது "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மறுமொழி சொல்கிறார். பக்கத்து வளவுக்காரர் தேங்காய் உரிப்பதென்றாலும் அவர் எழும்பும்வரை காத்திருக்கிறார்கள். பேரனின் புதினம் கேட்க நான் மூன்று தரம் போனேன். மூன்று தரமும் சம்பந்தியம்மா படலையடிக்கு வந்து வாயில் விரலை வைத்து, "அவர் படுத்திருக்கிறார் அண்ணை, பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிட்டா. நாலாந்தரம் ஆள் முழிப்பு. பேரன் ஆரைப் போல என்று கேட்கிறேன், அவர் விமானத்தில் தந்த சின்னக் கரண்டியை எடுத்துக் காட்டுகிறார். கரண்டியை நான் என்ன செய்ய?

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் பத்துப் பேருக்கு முன்னால் அவர் ஒரு கதை சொன்னார். "ராசனுக்குத் தேப்பனைக் கூப்பிட ஆசைதான், ஆனால் 'அப்பா வாகனத்திலை கண் மூடமாட்டார் மாமா, பதினாறு மணித்தியாலம் முழிச்சிருந்தால் ஆளுக்கு ஏலாமல் போகும்' எண்டு என்னட்டைச் சொன்னவன்" என்றார். நீ சொன்னது உண்மைதான். மாத்தறையில் கடை வைத்திருந்த முப்பத்தொரு வருசமும் மெயில் றெயினில் ட்றங்குப் பெட்டிக்கு மேல் காலைப் போட்டபடி முழித்திருந்து வந்தவன் நான். கண் அயர்ந்தால் பெட்டி போய்விடும். அந்தப் பெட்டியில்தான் உன் பள்ளிக்கூடச் சப்பாத்து, உன் கொம்பாஸ் பெட்டி, உன் மழைக்கோட்டு எல்லாம் வந்தன. அந்த முழிப்பே இப்போது எனக்குக் குற்றமாகிவிட்டது என்று கேட்க நெஞ்சு நொந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்த ஆழ்வாப்பிள்ளை, மடியை அவிழ்த்து, கடதாசியில் சுற்றின இரண்டு குளிசையை எடுத்து நீட்டினார். "போக ஒண்டு, வர ஒண்டு. பழகிப் பாருங்கோ சம்பந்தி, நாளைக்குப் பிள்ளை கூப்பிட்டால் உதவும். ஏறுறதுக்கு அரை மணித்தியாலம் முன்னம் போடவேணும். போட்ட ஆளை ஒருத்தரும் தட்டி எழுப்பக் கூடாது, மூளை குழம்பிப் போகும்." வள்ளக்கார ஐயாத்துரையும் பக்கத்தில் நின்று இதைக் கேட்டவன். அதுதான் வினையாய்ப் போனது.

என் திட்டம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை முதலாவது வள்ளத்தில் ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் போய்த் திரும்புவது. வழி முழுவதும் நித்திரை கொள்வது. நித்திரை கொண்டேன் என்பதற்கு ஐயாத்துரையிடமும் பஸ் கொண்டக்டரிடமும் கையெழுத்து வாங்கி உனக்கு அனுப்புவது. அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டா. அன்று செவ்வாய்க்கிழமை விரதம், வயிற்றில் தேத்தண்ணி மட்டும். குளிசையைக் கையில் எடுத்தபோது, ஆழ்வாப்பிள்ளைக்கு ஒன்று காணுமென்றால் முப்பத்தொரு வருசம் முழித்தவனுக்கு ஒன்று எந்த மூலைக்கு என்று பட்டது. இரண்டையும் ஒன்றாய் விழுங்கினேன். வள்ளத்தில் ஏறி எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, "ஐயாத்துரை, நான் நித்திரை கொள்ளுறனோ எண்டு வடிவாய்ப் பார்த்துக்கொள்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. மிச்சமெல்லாம் நான் கேள்விப்பட்டது.

குறிகட்டுவானில் எல்லாரும் இறங்கினார்களாம், நான் இறங்கவில்லையாம். ஐயாத்துரை மூளை குழம்பிவிடும் என்ற பயத்தில் தொடவில்லை. திரும்ப நயினாதீவு. பிறகு குறிகட்டுவான். பிறகு நயினாதீவு. இப்படி எட்டுத் தரம் கடல் கடந்திருக்கிறேன், நேரே விட்டிருந்தால் இந்தியக் கரை தெரிந்திருக்கும். வெயில் ஏற, பாவம், நல்ல எண்ணத்தில் என்னை நீட்டி நிமிர்த்திக் கிடத்தி, என் வெள்ளைச் சால்வையால் தலையில் இருந்து கால்வரை மூடிவிட்டான். யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் மோசம்போகிற எங்கள் ஆட்களின் பிரேதத்தை வள்ளத்தில் எப்படிக் கொண்டுவருகிறவர்கள் என்று உனக்குத் தெரியும். அதே இடம், அதே கிடை, அதே வெள்ளை. மத்தியான வள்ளத்தில் ஏறினவர்கள் ஒதுங்கி நின்று, தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். அம்மனுக்கு நேர்த்தி செலுத்த வந்த இறுப்பிட்டி யோகம்மா, செத்தது ஆரென்று ஒரு சொல்லுக் கேட்காமல், தலைமயிரை அவிழ்த்துவிட்டு "என்ரை ராசாவே, போட்டியோ" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாவாம். "அக்கா, ஆள் நித்திரையணை, குழறாதேங்கோ" என்று ஐயாத்துரை கெஞ்ச, "ஓம் ராசா, ஓம், உன்ரை ஆறுதலுக்கு நீ அப்பிடித்தானே சொல்லவேணும்" என்று அவனையும் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறா.

வள்ளம் கரைக்கு வரமுதலே அழுகைச் சத்தம் கரைக்கு வந்துவிட்டது. துறையில் சனம். ஆழ்வாப்பிள்ளை ஓடி வந்தார், அன்றைக்கு மட்டும் ஜெற்லாக் இல்லை. சால்வையை நீக்கி, மூக்கில் விரலை வைத்து, "சுவாசம் இருக்கு. இது கோமா. லண்டனிலை நான் கேள்விப்பட்டனான்" என்றாராம். லண்டனில் அவர் எதைத்தான் கேள்விப்படவில்லை! ஐயாத்துரை "குளிசை" என்று வாயெடுக்க, "உனக்கென்னடா தெரியும், நீ வள்ளத்தைப் பார்" என்று அதட்டிவிட்டு, உன் விலாசம் தனக்குத்தான் பாடம் என்று சனத்துக்குச் சொல்லிக்கொண்டு தபாற்கந்தோருக்கு நடையைக் கட்டினார். என் மகனுக்குத் தந்தி அடிப்பதிலும் அவர்தான் முதல்.

நான் முழித்தது நாலேமுக்கால் இருக்கும். கண் திறக்க முதல் காது திறந்தது. எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடக்கிறேன், சுற்றிவர ஆட்கள், அம்மா என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறா. கண்ணைத் திறக்கத்தான் போனேன். அப்போது சரோஜினிதேவி அம்மாவுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினா. "அழாதேங்கோ மச்சாள், அண்ணைக்கு ஒண்டும் நடவாது. பேரனைக் காணாமல் அவர் எங்கை போறது? ராசன் வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்ட முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சுவரிலை கிடக்கிற அண்ணையின்ரை படத்தடியிலை போய் நிண்டு, 'இது ஆர்? அப்பப்பா. இது ஆர்? அப்பப்பா' எண்டு காட்டுறவர். அது படத்துக்குக் கையை நீட்டிச் சிரிக்கும். அழுதாலும் அந்தப் படத்தடிக்குக் கொண்டுபோனால்தான் நிப்பாட்டும்."

மகனே, இதை நீ எனக்கு ஒரு வரியில் எழுதியிருக்கலாமே. முழித்துக்கொண்டு நாலு தரம் போன எனக்கு ஒருவரும் சொல்லாததை, கோமாவில் கிடக்கிறவனுக்குச் சொல்கிறார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் அப்படியே கிடந்து கேட்டேன். பிள்ளை வலப்பக்கம் சரிந்துதான் படுக்குமாம், இருமினால் சிரிக்குமாம், மயிர் சுருளாம். எனக்குக் கண்ணால் தண்ணீர் வழிந்துவிட்டது. "அழுகுது, ஆளுக்கு விளங்குது" என்று யாரோ சொல்ல, "கோமாவிலை அது வழமை" என்றார் ஆழ்வாப்பிள்ளை. இன்னும் கனநேரம் கிடந்திருப்பேன், அந்த மனுசன் அதோடு நிறுத்தியிருந்தால். "எல்லாம் சரி, மூக்கு மட்டும் அப்பிடியே என்ரை மூக்கு" என்றார்.

"ஆரின்ரை மூக்கு?" என்று கேட்டபடி எழும்பி இருந்துவிட்டேன்.

வீட்டில் நின்ற சனம் எந்தப் பக்கத்தால் போனதென்று எனக்குத் தெரியாது. துறையில் இருந்து கூடவே வந்திருந்த யோகம்மா, ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டா. அவவை வெளியே எடுக்க அம்மா பட்ட பாடு தனிக்கதை. அப்போதிக்கரி அரியநாயகம் ஐயா வந்து நாடி பார்த்து, நடந்ததை என் வாயால் கேட்டு, நல்ல பேச்சுத் தந்தார். "ஒருத்தருக்கு எழுதின துண்டுக்கு மற்றவன் குளிசை போடுறதே? அதுவும் இந்த வயசிலை, வெறும் வயித்திலை, இரண்டு? நீர் எழும்பினது அம்மன் செயல்." ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் இரண்டு மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தபாற்கந்தோர் அதற்குள் பூட்டிவிட்டபடியால் மறுதந்தி அடிக்க முடியவில்லை.

ஆகவே நீ ஒன்றுக்கும் யோசியாதே. வேலையில் லீவு கேட்காதே. பச்சைப் பிள்ளையை இந்த வெயிலுக்குள் தூக்கிக்கொண்டு வராதே, எனக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. நான் வாகனத்தில் நித்திரை கொள்வேன் என்பதற்கு ஐயாத்துரை கையெழுத்து வைத்துத் தந்த கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன், சும்மா பார்ப்பதற்கு மட்டும். விமானத்தில் ஏறும் ஆசை எனக்குத் துப்புரவாக இல்லை. ஆழ்வாப்பிள்ளையிலும் எனக்குக் கோபமோ எரிச்சலோ கிடையாது, அவர் நல்ல மனுசன், அவரோடு நான் கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

மருமகளுக்கு எங்கள் ஆசி. பேரனுக்குக் காத்து கறுப்பு அணுகாமல் அம்மன் காவல் நிற்கட்டும். நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
க. தம்பையா

பிற்குறிப்பு: இதை மடிக்கும்போது தபாற்காரர் உன் தந்தியோடு வந்தார். மனோகரியோடும் பிள்ளையோடும் வெள்ளிக்கிழமை புறப்படுவதாக அடித்திருக்கிறாய். அப்போது மணி மூன்றரை. கந்தோர் பூட்டுவது நாலு மணிக்கு, எங்கள் படலையில் இருந்து ஐந்து நிமிட நடை. நான் தந்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா என் சட்டைப் பையைப் பார்த்தா, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா, பிறகு எழும்பிப் போய்ப் பிள்ளைக்கு ஏணை கட்டப் பழைய நூல்சேலை தேடத் தொடங்கிவிட்டா. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இப்போது நாலு பத்து. ஆகையால் இந்தக் கடிதம் லண்டனுக்கு வராது, வீட்டு வாசலில் வைத்து உன் கையில் தருவேன். உனக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும், பிறகு ஏசு. முதலில், ஆழ்வாப்பிள்ளை கையை நீட்ட முன்னம், பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு இதை வாசி. ஒரு அவசரமும் இல்லை மகனே, ஆறுதலாக வாசி.