இரண்டு ப்ரீபெய்டு சிம்மும் ஒரு காஷ்மீர் பயணமும்

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று நான்கு முறை பார்ப்பவள் நான். அப்படிப்பட்டவள், ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் எடுக்குமா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துக் கணவரோடு போன முதல் சுற்றுலா அது. மூன்று வயது மகளைத் திருச்செங்கோட்டில் மாமியாரிடம் விட்டுக் கிளம்பிய காலையில் அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது.

"போயிட்டு வா சாமி, நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை.

மருந்து அளவு, வேளை, எங்கள் விடுதியின் பெயர் எல்லாம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். இறங்கியதும் கூப்பிடுவதாகச் சொன்னேன். எங்கள் இருவர் போனுக்கும் மூன்று மாத ரீசார்ஜ், வெவ்வேறு கம்பெனி. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று இருக்குமே (விமானத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன்).

ஸ்ரீநகரில் இரண்டிலும் சிக்னல் இல்லை. சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். வெளிமாநில ப்ரீபெய்டு இங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும் என்றார் விடுதிக்காரர். வைஃபை கேபிள் மழையில் அறுந்துவிட்டதாம். பாவப்பட்டுத் தன் போனைக் கொடுத்தார்.

அத்தையைக் கூப்பிட்டேன். கட் செய்தார். மாமா, என் அம்மா, தம்பி, எல்லோருமே கட். அப்போதுதான் உறைத்தது. தெரியாத எண்ணை எடுத்தால் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள் என்று குடும்பத்தையே உட்காரவைத்துப் பாடம் நடத்தியவள் நான். மெசேஜ் அனுப்பினேன். அதையும் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார் கணவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்." (ஆறுதல் சொல்லும் லட்சணம்.)

ஏரியில் படகில் போகும்போதும் காய்ச்சல் நூற்றிரண்டா, நூற்றுமூன்றா என்றுதான் மனது ஓடியது.

மறுநாள் காலை, லுங்கியும் ஸ்வெட்டருமாக ஒருவர் விடுதி வாசலில் நின்றார்.

"ஏனுங்க, திருச்செங்கோட்டுக்காரங்களா? உங்க ஊட்ல அழுதுட்டு இருக்காங்க."

போன் வராமல் பதறிய அத்தை, சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அவர், ஆப்பிள் ஏற்ற வந்திருந்த இந்த டிரைவருக்கு விடுதிப் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

"இந்தப் பக்கம் ஓட்டற நாங்கெல்லாம் போஸ்ட்பெய்டுங்க. கெளம்பறப்ப ஒரு லாரிக்காரன்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பானுங்க" என்றபடி அத்தையின் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்த அவர், போனை அத்தையிடம் கொடுத்தார்.

"காச்சல் நீ கெளம்புன ஒரு மணி நேரத்துல எறங்கிருச்சு சாமி. நீ என்ன ஆனியோன்னுதான் ஈரக்கொல நடுங்கிருச்சு."

"நான் கூப்பிட்டப்ப எடுத்திருக்கலாமே, அத்தை?"

"நாங்க எடுப்பமா? பதினேழு தடவ கட் பண்ணுனேன்" என்றார் பெருமையாக.

வாயெல்லாம் சோற்றோடு மகள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "லாரி மாமாவக் காட்டு" என்றாள்.

இப்போது கடைவீதியில் எனக்குப் பத்து நிமிடம் தாமதமானால், "லாரி அனுப்பட்டுமா சாமி?" என்று அத்தை கூப்பிடுகிறார். மகளோ பள்ளிக்குப் போகும் வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு லாரிக்கும் கை ஆட்டுகிறாள், அம்மாவைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாமாவாம். எங்கள் ஊர்ச் சாலையில் லாரிக்கா பஞ்சம்? "நீயும் தேங்க்ஸ் சொல்லும்மா" என்று அதட்டுகிறாள். ஸ்கூட்டரை ஓரங்கட்டி, நானும் கை ஆட்டுகிறேன்.