விளாங்குடி லாகவுட் அண்ணன்

இந்தியாவிலேயே இன்டர்நெட்டைக் கைக்குள் அடக்கி வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் விளாங்குடியில்தான் இருந்தார். டெல்லிக்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் வந்து கூட்டிக்கொண்டு போகப் பார்த்திருப்பார்கள். நாங்கள் விட்டிருக்க மாட்டோம்.

திண்டுக்கல் ரோட்டிலிருந்து எங்கள் தெரு திரும்புகிற முக்கில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில், பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வராத காலம். காலேஜ் பிள்ளைகள் அங்கே போய்த்தான் மெயில் பார்க்கும். பார்த்து முடித்து எழுந்து வந்தால், வாசலை மறித்து நின்றுகொண்டு ஒரே கேள்வி கேட்பார்.

"லாகவுட் பண்ணிட்டியா?"

உன் மெயிலை ஒழுங்காக மூடிவிட்டு எழுந்தாயா, இல்லை அடுத்தவன் பார்க்கிற மாதிரி அப்படியே போட்டுவிட்டு வருகிறாயா என்று அர்த்தம். பண்ணிவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் செருப்பைப் போட விடுவார். அப்படித்தான் லாகவுட் அண்ணன் என்று பேர் வந்தது. ஆள் நல்ல உயரம். மைக் தேவைப்படாத குரல். தன்னைப் பற்றி அவர் அடக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மற்ற சென்டர்களில் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து, ஸ்கிரீன் துணி தொங்கவிட்டு, உள்ளே யார் என்ன பார்க்கிறார்கள் என்றே தெரியாதபடி வைத்திருப்பார்கள். கூட்டம் அங்கேதான் அள்ளும். அண்ணன் ஒரு நாள் ஆசாரியைக் கூட்டி வந்து, தன் கடைப் பலகை எல்லாவற்றையும் அடுப்பு மேடை உயரத்துக்கு அறுத்துவிட்டார். "தலை தெரியணும். தலை தெரியாத இடத்துல என்னடா படிப்பு?" என்றார். பாதிப் பிள்ளைகள் செல்லூர்ப் பக்கம் போய்விட்டன. "போகட்டும், மிச்சம் இருக்குறவன்தான் நம்மாளு" என்று சொல்லிவிட்டுக் காலியான நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாடிப்பட்டிக்காரப் பையன் ஒருவன் அவசரத்தில் மெயிலை மூடாமல், அண்ணன் டீக்குப் போன நேரம் பார்த்து இறங்கிப்போய் பஸ் ஏறிவிட்டான். அண்ணன் திரும்பி வந்து பார்த்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கம்ப்யூட்டருக்கு முக்காடு போட்டார். "ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பாதீக" என்று சொல்லிவிட்டு டி.வி.எஸ். ஐம்பதைக் கிளப்பினார். பரவையில் போய் பஸ்ஸுக்குக் குறுக்கே வண்டியைப் போட்டார்.

"தம்பி, திறந்துபோட்டு வந்துட்ட. வந்து சாத்து."

பஸ்ஸுக்குள் இருந்த கிழவி ஒருத்தி, "அப்படி என்னத்தடா திறந்துபோட்டு வந்த?" என்று கேட்க, பையனுக்கு முகம் செத்துவிட்டது.

கண்டக்டருக்கு எரிச்சல். "ஏண்ணே, இதுக்குப் போயி பஸ்ஸை நிறுத்துவாகளா? நீங்களே சாத்திவிட வேண்டியதுதானே?"

"அடுத்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தா, நீ பாட்டுக்கு உள்ள போயி சாத்துவியா, வீட்டுக்காரனைக் கூப்பிடுவியா?"

கண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுக்காரனைத்தான்" என்றார். பையனை இறக்கிவிட்டு விசில் கொடுத்தார்.

பிறகு வீடுகளுக்கே கம்ப்யூட்டர் வர ஆரம்பித்தது. அண்ணனுக்கு வியாபாரம் படுத்தது, வேலை கூடிவிட்டது. யாரும் கூப்பிட மாட்டார்கள். அவராகவே வருவார். மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "கம்ப்யூட்டர் எங்க வச்சிருக்கீக?" என்பார்.

"உள் ரூம்லண்ணே. பிள்ளை கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கணும்ல."

"டி.வி. எங்க இருக்கு?"

"ஹால்ல."

"ஒண்ணுந்தெரியாத டி.வி.ய நாலு பேரு நடுவுல வச்சிருக்கீக. இந்தப் பெட்டிக்குள்ள உலகத்துல உள்ள அம்புட்டுப் பேரும் வாரான், போறான். அவனைக் கொண்டுபோயி படுக்குற ரூம்ல உக்கார வச்சிருக்கீக."

சொல்லிவிட்டு நிற்க மாட்டார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அரிசி மூட்டைக் கனம் இருக்கும். அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து, ஹாலில் வாசலைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் போவார். பிள்ளைகள் பல்லைக் கடிக்கும். முன்பின் தெரியாதவனோடு சாட்டிங் செய்கிற பிள்ளையைப் பிடித்து, "மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எவனோ ஒருத்தன் உன் போட்டோவக் கேட்டாக் குடுப்பியா?" என்று கேட்பார். அது குனிந்துகொள்ளும்.

எதிர்வீட்டு ரிட்டயர்ட் சாருக்கு வெளிநாட்டு லாட்டரி விழுந்திருப்பதாக மெயில் வந்து, தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அண்ணன் லட்டை முழுசாகத் தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "சீட்டு எங்க சார் வாங்கினீக?" என்றார். வாங்கவே இல்லை என்றார் அவர். "வாங்காத சீட்டுக்கு எவன் சார் பரிசு குடுப்பான்? பேங்க் நம்பரு கேட்டா குடுத்துராதீக. லட்டு நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. இன்டர்நெட் பார்க்காத நேரம் ஒயரைப் பிடுங்கி வைத்தால்தான் வைரஸ் வராது என்று, எங்கள் வீட்டு ஒயரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். சொந்தபந்தம் யாருமே நம்மை விசாரிப்பதில்லையே என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தேன். அது டெலிபோன் ஒயர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்படி அவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரிப்பு நின்றுபோனது.

என் மகள் தேன்மொழிக்கு வாடிப்பட்டியில் மாப்பிள்ளை பேசி நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. நல்ல பையன். இரண்டு பேரும் மெயிலில் பேசிக்கொள்வார்கள். மண்டபமும் சொல்லியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். காபியைக் கையால்கூடத் தொடவில்லை.

"உங்க பொண்ணுகிட்ட இருந்து என் மகனுக்கு மெயில் வந்திருக்கு. இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லையாம். வேற ஒருத்தரை மனசுல வச்சிருக்காளாம். வீட்டுல கட்டாயப்படுத்துறாகளாம்" என்றார் சம்பந்தி.

தேன்மொழி வெளியே வந்தாள். "நான் எழுதலை மாமா."

"உன் பேருல, உன் மெயில்ல இருந்துதானம்மா வந்திருக்கு."

"எனக்கு இஷ்டமில்லைன்னா உங்க முன்னாடி வாயைத் திறந்தே சொல்லியிருப்பேன். எதுக்கு ஒளிஞ்சு எழுதணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மெயிலிலிருந்து அவள் எழுதாமல் எப்படிப் போகும்? இதற்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறவர். எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பு. நிச்சயம் ஆன கல்யாணம் இப்படிப்பட்ட பேச்சோடு நின்றால், பெண்ணின் பேரை எதைக் கொண்டு கழுவுவது? வெளி ஆள் நாலு பேர் இருந்தால் அடுப்படியை விட்டு வராதவள் நான். அன்றைக்குப் பின்வாசல் வழியாக இறங்கி, முக்குக்குப் போய், பையன்கள் உட்கார்ந்திருந்த அந்த மாடியில் ஏறிவிட்டேன்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க தங்கச்சி, ஏ.சி. ரூம்" என்றார் லாகவுட் அண்ணன். நான் செருப்பே போடாமல் வந்திருந்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டார். சம்பந்தி, "இவரு யாரு?" என்றார்.

"இவருதான் அண்ணே, இன்டர்நெட்டு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"தாயி, உன் மெயிலை யாரெல்லாம் திறக்க முடியும்?" என்று மகளைக் கேட்டார் அண்ணன்.

"யாராலயும் முடியாது. பாஸ்வேர்டு இருக்கு. அது வந்து..."

அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார். "சொல்லாத தாயி, சொல்லாத. அது உன் பீரோச் சாவி. எனக்குத் தெரிஞ்சா நானும் சந்தேகக் கேசுல சேந்துருவேன்."

காதிலிருந்து கையை எடுக்காமலே வாசலுக்குப் போனார். வெளியே எங்கள் லோடு வேன் நின்றது. அதற்குப் பின்னால் சம்பந்தியின் கார். வேனைச் சுற்றி வந்தார். பிறகு காரையும் சுற்றி வந்தார். சம்பந்தியம்மா என்னிடம், "ஆளு நல்லாத்தானே இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கே அப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உள்ளே வந்தார். "தாயி, சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு. உங்கப்பா வேன் பின்னாடி எழுதியிருக்குற பேருதானா?"

தேன்மொழி தலையை ஆட்டினாள்.

வேனின் பின்னால், ஒரு முழ எழுத்தில், சிவப்பும் மஞ்சளுமாக, 'சோணைச்சாமி துணை' என்று எழுதியிருக்கும். எங்கள் குலதெய்வம். அந்த வேன் செல்லூர், பரவை, வாடிப்பட்டி என்று தினமும் மதுரை ஜில்லா முழுக்கப் போய் வருகிறது. எங்கள் மகளின் பாஸ்வேர்டை நாங்களே பெயிண்டருக்குக் கூலி கொடுத்து எழுதி, ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சம்பந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "இதெல்லாம் ஒரு காரணமா? சாமி பேரு வைக்கிறது ஊரு உலகத்துல உள்ளதுதானே. ஏன், எங்க வீட்டுல நாங்களுந்தான்..." என்று ஆரம்பித்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

வாசல் வழியாக அவர் கார் தெரிந்தது. பின்கண்ணாடியில் 'அய்யனார் துணை'.

சம்பந்தி ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"பொண்ணு வேண்டாம்னு உங்க பேருல நான்கூட ஒரு மெயில் எழுதலாம்ணே" என்றார் அண்ணன். "எழுத மாட்டேன். ஆனா எழுதலாம். உங்க சாமியும் எங்க சாமியும் எதுன்னு தெரியாத ஆளு நம்ம ஜில்லாவுல உண்டா? வேண்டாதவன் ஒருத்தன் போதும்ல." தேன்மொழியைக் காட்டி, "இந்தப் பிள்ளை காலேஜ் படிச்ச காலம் பூரா என் சென்டருக்குத்தான் வரும். ஒரு நாளுகூட லாகவுட் பண்ணாமப் போனது கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளை பொய் சொல்லாது" என்றார்.

மெயிலை மூடுவதற்கும் பொய் சொல்லாததற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்ன தோரணையில் கோர்ட்டே எழுந்து நின்றிருக்கும்.

சம்பந்தியம்மா எழுந்து வந்து தேன்மொழியின் கையைப் பிடித்தார். "நம்ம பிள்ளைகிட்ட முதல்ல கேட்டுட்டு அப்புறம் கோவப்பட்டிருக்கலாம்" என்று தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். என் மகளை நம்ம பிள்ளை என்று அவர் சொன்னதும் நான் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடி நிற்க, தேன்மொழி அப்போதே பாஸ்வேர்டை மாற்றினாள். அடுத்தது சம்பந்தி உட்கார்ந்தார்.

அந்த மெயிலை எழுதியது யார் என்று எங்களுக்கு ஓர் ஊகம் உண்டு. அவன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகட்டும்.

விஷயம் பரவி, தெருவே பாஸ்வேர்டு மாற்ற உட்கார்ந்தது. ஆட்டோக்காரத் தம்பி ஒருவன் தப்பாகப் புரிந்துகொண்டு, பாஸ்வேர்டை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோவில் எழுதியிருந்த பாண்டி முனி சாமி பேரை அழித்துவிட்டான். அவன் அம்மா லாகவுட் அண்ணன் கடை வாசலுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றப் போனார். அண்ணன் மாடியிலிருந்தே கத்தினார்: "ஆத்தா, சாமி வண்டியில இருக்கட்டும். பெட்டிக்குள்ளதான் வேண்டாம்." தன் காசிலேயே திரும்ப எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் மெயில் திருட்டு, ஏமாற்று என்று காதில் விழுந்தபோதும், எங்கள் தெருவில் அப்படி ஒன்று நடக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தலை தானாக நிமிரும்.

கல்யாணப் பத்திரிகை வைக்க அண்ணன் கடைக்குப் போனபோது, எங்கள் வீட்டுக்காரர் கீழே வேனை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். உறையில் எழுத அண்ணனின் சொந்தப் பேரைக் கேட்டேன். அவ்வளவு பெரிய குரல்காரர், வெட்கப்பட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். பிறகு, "லாகவுட்டுன்னே எழுதுங்க தங்கச்சி, அப்பத்தான் ஆளு தெரியும்" என்றார். அப்படியே எழுதினேன்.

மகள் புருஷனோடு வெளிநாடு போன பிறகு, எனக்கும் ஒரு மெயில் திறந்து கொடுப்பதற்கு அண்ணனே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அஞ்சாப்புதான் படித்திருக்கிறேன் அண்ணே என்றேன். "பூட்டுப் போட எம்புட்டுப் படிச்சிருக்கணும்?" என்றார். "சாமி பேரு, வீட்டுக்காரரு பேரு, பிள்ளை பேரு கூடாது. உங்களைத் தெரிஞ்ச ஒருத்தரும் நெனச்சுப் பாக்காததா இருக்கணும்." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறந்ததிலிருந்து என்னுடையது என்று அடுத்தவருக்குத் தெரியாத ஒரு பொருள் என்னிடம் இருந்ததில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் திரும்பவே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள், அவருடைய சொந்தப் பேர்தான் என்ன என்று கேட்கலாம். எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதினால் இன்றைக்கே என் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருக்கும். மாற்ற எனக்கு மனசில்லை.