மீறப்படத்தகாத கிணறு

சித்தூரில் மிஷன் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில், பதினொன்றாம் நம்பர் வீட்டில், 1974-ஆம் வருடம் மார்ச் மாதம் முதல் தேதியிலிருந்து இந்திய நாட்டுச் சட்டங்கள் செல்லாமல் போயின. கலகம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் முறைப்படி, முத்திரையோடு நடந்தது.

வீடு தபீதாள் டீச்சருடையது. மிஷன் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். உலக நிலத்தடி நீர் ஆய்வு மன்றம் என்ற சர்வதேச அமைப்பு வாடகைக்குக் கேட்டதும் வீட்டைக் கொடுத்துவிட்டு, எதிரே ஒற்றை அறைக்குக் குடிபோனார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. சந்தின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் நல்ல தண்ணீர் அதில்தான். தெருக்குழாயும் உண்டு. அதில் வாரத்துக்கு இரண்டு நாள் காற்று வரும்.

வாடகை ஒப்பந்தத்தை டைப் அடித்தவன் நான். பெயர் கோவர்த்தனன், சந்து முனையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிறேன். 'வளாகம் மீறப்படத்தகாதது. தலைவரின் இசைவின்றி எந்த அதிகாரியும் உள்நுழையலாகாது. மன்றத்தின் ஆவணங்கள் எங்கிருப்பினும் எவராலும் தீண்டப்படலாகாதவை. ஊழியர் தம் பணியில் செய்த எச்செயலுக்கும் வழக்கில்லை; ஊதியத்துக்கு வரியில்லை.' நான்கு நகல் அடித்தேன். அழகாக வந்திருந்தது.

மன்றத்துக்குத் தலைவர் ஹென்ரிக்சன் துரை. உள்ளூர் ஊழியர் ஒரே ஒருவர், அசரியா. அதுவரை பள்ளியில் மணி அடித்துக்கொண்டிருந்தவர். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது என்ற செய்தி ஆளையே மாற்றிவிட்டது. முன்பும் அவர் வரி கட்டியவரல்ல. வரி போடுகிற அளவுக்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. "அது வேற, இது வேற" என்றார். "அப்போ என்னை விட்டுட்டாங்க. இப்போ விலக்கு குடுத்துகீறாங்க."

ஒரு நாள் சைக்கிளில், சட்டத்துக்கு விரோதமாக, டபுள்ஸ் போனவரைக் கான்ஸ்டபிள் செங்கல்வராயன் நிறுத்தினார். அசரியா மன்றம் கொடுத்திருந்த அடையாளக் கார்டை நீட்டினார்.

"ஆபீஸ் வேலையா போய்க்கினு கீறேன்."

"பின்னால யாரு?"

"என் வீட்டுக்காரி. ஆபீஸ் வேலையாத்தான் குந்திக்கினு கீறா."

செங்கல்வராயன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் விலக்குரிமை நாகரிகமாகிவிட்டது. பெண் கொடுக்க வந்தவர்கள் பையனுக்கு நிலம் இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, விலக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். திருப்பதி பஸ்ஸில் மட்டும் அசரியாவின் கார்டு செல்லவில்லை. டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றவரைக் கண்டக்டர் பூதலப்பட்டில் இறக்கிவிட்டார். அந்த ஆள் ஒப்பந்தத்தைப் படித்ததில்லை.

ஏப்ரலில் துரை ஜெனீவாவில் குடிநீர் மாநாட்டுக்குக் கிளம்பினார். ரேணிகுண்டாவில் ரயில் ஏறும்போது சாவியை அசரியாவிடம் கொடுத்து, கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தினமும் அளக்கச் சொன்னார். சரியாக அளக்க வேண்டுமானால் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாதல்லவா? அதுவரை திறந்தே கிடந்த கேட்டை அசரியா பூட்டினார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் இல்லாமல் செங்கம்மாவின் இட்லிக் கடை மூடிக் கிடந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்டி ஒரு வாரம். டீச்சர் சொல்லச் சொல்ல நான் மனு அடித்தேன். இருவருமாகப் பெரிய ஆபீசுக்குப் போனோம். அங்கே விலக்குரிமைகள், சலுகைகள் மற்றும் இதரப் பிரிவின் அதிகாரி முனிகிருஷ்ணன் மனுவை இரண்டு முறை படித்தார்.

"கிணறு யாருதும்மா?"

"என்னுது சார்."

"கரெக்டு. அது எங்க கீது?"

"என் வீட்டுக்குப் பின்னால."

"வீடு வளாகத்துல கீது. வளாகத்துக்குள்ள நானே கால் வைக்கக் கூடாது. கலெக்டரும் வைக்கக் கூடாது."

"நீங்க வர வேணாம் சார். தண்ணி வெளிய வந்தா போதும்."

"லேதம்மா, லேது. அந்தத் தண்ணிய அவங்க ஆராய்ச்சி பண்றாங்க. அப்போ அது ஆவணம். நீங்க ஒரு சொம்பு மொண்டா ஃபைல்ல ஒரு பக்கம் கிழிச்ச மாதிரி."

"அப்போ நாங்க என்னத்தக் குடிக்கறது?"

"ஜெனீவாவுக்கு எழுதுங்க. தலைவர் விட்டுக் குடுத்தாத்தான் உண்டு."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் மட்டும் வழியெல்லாம் ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை, அறுபத்திரண்டு வயதில், ஸ்டூல் போட்டுச் சுவர் ஏறிக் குதித்தார். அசரியா அலறிக்கொண்டு ஓடிப்போய்ச் செங்கல்வராயனை அழைத்து வந்தார். கான்ஸ்டபிள் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே போகச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. டீச்சர் அவசரமில்லாமல் இறைத்து, குடத்தை இடுப்பில் வைத்து, "கேட்டைத் தொற அசரியா" என்று மணியடிப்பவரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார். பழக்க தோஷத்தில் அவர் திறந்துவிட்டார்.

"டீச்சர், உங்கள அரெஸ்ட் பண்ணணும். குடத்த இறக்குங்க."

"இது மன்றத்தோட ஆவணம்ப்பா. எங்க இருந்தாலும் யாரும் தொடக் கூடாது. வேணும்னா என்னைப் புடிச்சிக்கோ. ஒரு சொட்டு சிந்துச்சுன்னா ஜெனீவாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

செங்கல்வராயன் டீச்சரிடமிருந்து ஒப்பந்த நகலை வாங்கிப் படித்தார். குடம் இடுப்பில் இருக்கும்வரை டீச்சரைப் பிடிக்க வழியே இல்லை. இறக்கும் நேரத்துக்காக அவர் பின்னாலேயே நடந்தார். டீச்சர் இறக்கவில்லை. ஒரு சொம்பால் மொண்டு மொண்டு எடுத்தாரே தவிர, குடம் இடுப்பை விட்டு இறங்கவில்லை. நான்காம் நாள் சந்தில் எல்லாப் பெண்களும் அப்படியே நடந்தார்கள். செங்கம்மா கடை திறந்து, இடுப்பில் குடத்தோடு இட்லி ஊற்றினாள். இடுப்பு வலியில் பாதிப் பேர் முனகினார்கள். செங்கல்வராயனுக்கோ கால் வீங்கிவிட்டது.

ஜூனில் தந்தி வந்தது. குடிநீர் மாநாட்டில் மன்றத்தையே கலைத்துவிட்டார்களாம். துரை திரும்பமாட்டார். நாங்கள் குதித்துக்கொண்டு பெரிய ஆபீசுக்கு ஓடினோம்.

முனிகிருஷ்ணன் உதட்டைப் பிதுக்கினார். "மன்றம் போனாலும் விலக்கு போகாது. அது மன்றத்தவிடப் பெருசு. தலைவரு விட்டுக் குடுத்துக் கையெழுத்துப் போடணும்."

"தலைவரே இல்லியே சார்!"

"மிச்சம் இருக்கற ஊழியர்ல சீனியரு யாரு?"

துரையின் நாற்காலியில் அசரியா உட்கார்ந்திருந்தார். டீச்சர் காகிதத்தை நீட்டினார். "ஒரு கையெழுத்து அசரியா. சந்தே உன்னை வாழ்த்தும்."

அசரியா காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். "வுட்டுக் குடுத்தா விலக்கு எனக்கும் போயிடும், உங்களுக்கும் தண்ணி மட்டும்தான் வரும் டீச்சரம்மா. அதுக்கு பதிலா உங்க எல்லாரையும் உள்ள சேத்துக்கறேனே?"

முப்பத்திரண்டு வீட்டுக்கும் முப்பத்திரண்டு கௌரவ 'நீர்மாதிரி சேகரிப்பாளர்கள்'. சம்பளம் இல்லை, அதற்கு வரியும் இல்லை. கார்டுகளை நான் அடித்தேன். என்னுடையது பத்தொன்பதாம் நம்பர். டீச்சருக்குத் துணைத்தலைவர் பதவி. பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் டபுள்ஸ் போனோம். செங்கல்வராயன் சல்யூட் வைத்து வைத்துக் கை ஓய்ந்தார். சந்தோஷமாக இருந்தோம். சட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஜூலையிலும் மழை இல்லை. பின்சந்திலிருந்து சுந்தரம்மா குடத்தோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இருபது பெண்கள். அவர்கள் கிணறு வற்றிவிட்டது. டீச்சர் கேட்டைத் திறந்துவிடுவார் என்று நான் சத்தியமாக நம்பினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

"சுந்தரம்மா, நீ என்கிட்ட படிச்சவ. உனக்குச் சொன்னா புரியும். தண்ணி எவ்ளோ கீதுன்னு அளந்துக்கினு இருக்கோம்."

"கொழந்தைங்க வாடுது டீச்சர். ஒரு கொடம்..."

"வளாகம்மா இது. அர்ஜி எழுதிக் குடு, பாக்கலாம்."

சுந்தரம்மா வெற்றுக் குடத்தோடு நேரே என்னிடம் வந்து மனு அடித்துத் தரச் சொன்னாள். டீச்சருக்கு அடித்த மனுவின் கார்பன் நகல் என்னிடம் இருந்தது. தபீதாள் என்றிருந்த இடத்தில் சுந்தரம்மா என்று போட்டேன். கிணறு தன்னுடையது என்ற வரியை எடுத்துவிட்டேன். வேறு ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. தாகமாகவும் இருந்ததால் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முனிகிருஷ்ணன் அந்த மனுவை மன்றத்தின் கருத்துக்காக எங்களுக்கே அனுப்பினார். டீச்சர் பதிலைச் சொன்னார், நான் அடித்தேன். நான்கு நகல். அழகாக வந்திருந்தது.