மழைக் கேசட்

மழைக்குத் தன்னைத்தான் கைகாட்டுவார்கள் என்று சகாதேவன் கனவிலும் நினைக்கவில்லை.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து மரக்காணம் உப்பளத்தின் தலைக்கு மேலே நின்றது, பெய்தது, போய்விட்டது. பாத்திகளில் வாருவதற்குத் தயாராக இருந்த உப்பெல்லாம் கரைந்து மறுபடி தண்ணீராகிவிட்டது. உப்பு வார வந்தவர்கள் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நின்று எஞ்சின் கொட்டகையையே பார்த்தார்கள்.

"டேய் சகாதேவா," என்றாள் குப்பம்மாள். உப்பு வாருகிற பெண்களில் மூத்தவள். அவள் வாய்க்குப் பயந்து முதலாளியே சுற்றிக்கொண்டு போவார். "அந்த வெள்ளைக்காரன் பாட்ட போட்ட, மானம் பொத்துக்கிச்சு. போன வாட்டியும் இப்டித்தான்."

"யக்கா, பாட்டுக்கும் மழைக்கும் இன்னா சம்பந்தம்?"

"அந்தக் கத்து கத்தினா மேகம் அழாம இன்னா பண்ணும்?"

சகாதேவன் அங்கே ஆயில் எஞ்சின் ஓட்டுகிறவன். பூமிக்கடியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுவது அவன் வேலை. நாள் முழுக்கக் கொட்டகைக்குள் அந்தச் சனியன் பிடித்த எஞ்சின் சத்தம்தான். அதற்கு நடுவே ஒரு பழைய டேப் ரெக்கார்டர் வைத்திருந்தான்.

சுனாமி அலை வந்து போன பிறகு, எக்கியார்குப்பத்தில் வீடு கட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் தண்ணீர் குடிக்கக் கொட்டகைப் பக்கம் வருவான். ஊருக்குத் திரும்பும்போது மூன்று கேசட்டுகளைச் சகாதேவன் கையில் வைத்து, "ராக்" என்றான். ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டும், நடுவில் எழுந்து போகக்கூடாது என்று கையையும் காலையும் ஆட்டிப் புரியவைத்துவிட்டுப் போனான்.

முதல் நாள் கேட்டபோது மாடிப்படியில் தகர டப்பாவை உருட்டிவிட்டது போல இருந்தது. ஆனால் ஒரு விஷயம். சினிமாப் பாட்டெல்லாம் எஞ்சின் சத்தத்தில் முழுகிப்போகும், இது மட்டும் முழுகவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டான். கேட்கக் கேட்க மேளம் தனியாகப் பிரிந்தது, கிட்டார் கம்பி தனியாகப் பிரிந்தது, பாடுகிறவன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பதுகூடத் தெரிந்தது. கறுப்பு அட்டை போட்ட கேசட் காலையில் எஞ்சின் போடும்போது, நீல அட்டை மத்தியானம் என்று அவனாகவே ஒரு முறை வைத்துக்கொண்டான். அட்டையே இல்லாத மூன்றாவது, மனசு சரியில்லாத நாட்களுக்கு.

மனசு சரியில்லாத நாட்கள்தான் அதிகம். எந்தப் பாட்டானாலும் அவனோடு உட்கார்ந்து கேட்கிற கூட்டாளி பிரபுவை அலை கொண்டுபோய்விட்டது. அந்த மூன்றாவது கேசட்டில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். தான் கத்த வேண்டியதைத்தான் அவன் கத்துகிறான் என்று சகாதேவனுக்குத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்க ஒரே ஒரு ஆள் வேண்டும். உலகத்தில் அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஆள்தான் கிடைக்கவில்லை. டீக்கடைக்காரரிடம் போட்டுக் காட்டினான். "பாண்டிச்சேரி பஸ் ஆரனே இதுக்கு தேவலப்பா," என்றார். பெண்டாட்டி செந்தமிழிடம் போட்டுக் காட்டினான். அவள் பாதிப் பாட்டிலேயே எழுந்துவிட்டாள்.

"இந்தத் தெருவுல அழுதது பத்தாதா? அணைங்க அத."

இந்த நிலைமையில்தான் மழைப் பழி வந்து சேர்ந்தது. முதலாளி சக்கரபாணி அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். கரைந்த பாத்திகளைப் பார்த்தார். டிரைவர் ராஜவேல் குடையைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றான்.

"எத்தினி கேசட்டு வச்சிருக்குற?"

"ஒண்ணுதாங்க." சகாதேவன் கூசாமல் பொய் சொன்னான்.

"குடு. போற வழியில சமுத்திரத்துல வீசிடறேன்."

கறுப்பு அட்டை காரில் ஏறிப் போனது. சகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மீதி இரண்டு பத்திரமாக இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு நீல அட்டையை மிகவும் சன்னமாக வைத்து, டேப் ரெக்கார்டரோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டான்.

அந்த வாரமே கொட்டித் தீர்த்தது. கீற்று போட்டு மூடியிருந்த உப்புக் குவியல்கூடப் பாதியாகிவிட்டது. குப்பம்மாள் கொட்டகைக்குள் நுழைந்து, காதும் கேசட்டுமாக அவனைக் கையோடு பிடித்தாள்.

"சன்னமா வச்சா மழையும் சன்னமா பேயும்னு நெனச்சியா?"

முதலாளி வந்தார். நீல அட்டையும் போனது. "பொய்யா சொல்ற? இன்னொரு தபா மழை பேஞ்சுது, நீ வேலைய மறந்துடு," என்றார்.

சகாதேவனிடம் மிச்சம் இருப்பது மூன்றாவது மட்டும். அதைக் கையில் வைத்திருந்தால் கேட்காமல் இருக்க முடியாது. தூக்கி எறியவும் மனசு வரவில்லை. என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, பிரம்மதேசத்திலிருந்து கண்ணாயிரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். உப்பளத்துக்காரன் மழையை வைது தீர்க்கிற அதே நாளில், மழை வரவில்லையே என்று அழுகிற விவசாயி.

"தம்பி, உங்கிட்ட மழை கேசட்டு இருக்குதாமே. எங்க ஊர்ல வேர்க்கல்ல அத்தனையும் காயுதுப்பா."

சகாதேவன் அவரை உற்றுப் பார்த்தான். எதற்காகக் கேட்டால் என்ன, கேட்கிறேன் என்று தேடி வந்த முதல் மனுஷன் இவர்தான்.

"நடுவுல நிறுத்தக்கூடாது. எல்லாரும் உக்காந்து முழுசா கேக்கணும். கேப்பீங்களா?"

"ஊரே கேக்கும்ப்பா."

கேட்டது. கோயிலில் ஸ்பீக்கர் கட்டி, ஊரையே உட்காரவைத்து, கற்பூரம் ஏற்றிப் போட்டார்கள். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பூசாரி காதைப் பொத்திக்கொண்டு கர்ப்பகிரகத்துக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. பிரம்மதேசத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அன்று சாயங்காலம் உப்பளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

மறுநாள் கண்ணாயிரம் நேராக முதலாளியிடமே போய்விட்டார்.

"ஏங்க, உங்களுக்கே இது நியாயமா? உங்காளு ரிப்பேரு கேசட்ட எங்க தலையில கட்டிட்டான். மழை பேயிற நல்ல கேசட்ட நீங்களே வச்சிக்கினீங்க."

மூன்றாவதும் முதலாளி கைக்குப் போனது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சகாதேவன் பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டா பேயுது. கேக்கலன்னாலும் பேயுது. உன் ராசியே அப்டிப்பா. நாளையிலேர்ந்து வராத."

வேலை போனதோடு விட்டதா? ஊர் விடவில்லை. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் வானத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்துபோனான். சொந்த அத்தை மகள் கல்யாணத்துக்கு, "மாப்ள, தப்பா நெனைக்காத, பந்தல் போட்டுருக்கோம்," என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை வைக்காமலே போனார் மாமா. அவனுக்கே சந்தேகம் தட்டிவிட்டது. மனசுக்குள் அந்தப் பாட்டு ஓடினால்கூட எழுந்துபோய் வாசலில் நின்று மேகம் பார்த்தான்.

இத்தனைக்கும் மழை நின்றதா என்றால் அதுவும் இல்லை. அக்னி நட்சத்திரத்தில்கூட வாரத்துக்கு ஒரு முறை சக்கரபாணியின் உப்பளத்தில் பெய்தது. கேசட் இல்லை, எஞ்சின் இல்லை, பிரபு இல்லை. வீட்டுக்குள் அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைத்தான் சகாதேவனால் தாங்க முடியவில்லை.

அப்படி ஒரு மழை நாளில் டிரைவர் ராஜவேல் குடையோடு வாசலில் வந்து நின்றான்.

"முதலாளி உன்ன இட்டாரச் சொன்னாருண்ணே."

செந்தமிழ் குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னும் இன்னா பாக்கி இருக்குது? இவரு இப்ப ரேடியோகூட தொடறது இல்ல."

"மூணையும் அவருதான கடல்ல வீசினாரு," என்றான் சகாதேவன். "அப்பறமும் மழை வந்தா நான் இன்னாப்பா பண்ணுவேன்?"

ராஜவேல் குடையை மடக்கினான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எங்க வீசினாருண்ணே, மொத கேசட்ட வாங்கின அன்னிலேர்ந்து உப்பளத்து ஓரமா கார நிறுத்தி, கண்ணாடிய ஏத்திவுட்டுக்கினு அவருதான் கேட்டுக்கினு கீறாரு; உப்பு போனா போவுதாம், தனியா உக்காந்து கேக்கத்தான் முடியலயாம்."