முப்பது வாட்டும் ஆறு குழாயும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த மகத்தான காரியம், எழுபத்து நான்காம் வருடம் மஞ்சப்பாறை எஸ்டேட் தொழிலாளர் நலக் கமிட்டி மைக் செட் வாங்கியதுதான். சித்திரபுரத்துக்கு மேலே, தொழிலாளர் வரிசை வீடுகளான ஆறு லயத்திலும் இதைப் பற்றி இரண்டாவது கருத்து கிடையாது. இரண்டாவது கருத்து உள்ளவர்களுக்கு மைக் தரப்படுவதில்லை.

அந்த செட்டைக் கட்டி மேய்த்தவன் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் நல்லமுத்து. லேபர் அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்றதும் அவனுக்கு ஒரே ஆசைதான். அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகையில் மகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகை இரண்டு மழைக்காலமாக ஒழுகியது. ஆனி மாதத்திலிருந்து குழந்தை இருமிக்கொண்டே இருந்தாள். அதை அதிகாரியிடம் மைக்கில் சொல்ல முத்துப்பேச்சிக்கு ஐந்து நிமிடம் கேட்டான். செயலாளர் ராக்கப்பன் 'பெருந்தன்மையோடு' கடைசி மூன்று நிமிடத்தை ஒதுக்கினார்.

பிறகு அவசரக் கூட்டம் கூடியது. கொட்டகைக்காக அல்ல, ஒலிபெருக்கிக் குழாய்க்காக. ஆம்ப்ளிஃபயரின் சக்தி முப்பது வாட். பதினைந்து வாட் குழாய் இரண்டு அதற்குச் சரியான ஜோடி. ஆனால் கோயில் கொடையில் முதல் விபூதி யாருக்கு என்று மண்டையை உடைத்துக்கொண்ட பரம்பரை அது. தன் லயத்தைப் பார்த்து ஒரு குழாய் இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று ஆறு லயத் தலைவர்களும் எழுந்து நின்றார்கள்.

"ரெண்டு குழாய்க்குத்தான் இதுல தெம்பு இருக்கு, அண்ணாச்சி. ஆறை மாட்டினா செட்டு கருகிரும்," என்றான் நல்லமுத்து.

"முப்பதை ஆறால வகுத்தா ஆளுக்கு அஞ்சு. சமமாப் பங்கு வச்சா ஏம்லே கருகுது?" என்றார் ராக்கப்பன்.

வாக்கெடுப்பில் மின்சாரம் ஏகமனதாகத் தோற்றது.

விழாவன்று ராக்கப்பன் அதிகாரியையும் தன்னையும் ஆறு குழாய்களையும் நாற்பது நிமிடம் வரவேற்றார். குரல் சளி பிடித்த சேவல் கூவுவது போல வந்தது. இன்னும் கூட்டச் சொன்னார். நல்லமுத்து குமிழைத் திருகினான். முத்துப்பேச்சி மைக்கைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயர் ஒரு முனகலோடு புகையைக் கக்கி ஓய்ந்தது.

இந்த மலைக்கும் அந்த மலைக்கும் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவளுடையது. மைக்கை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள். ஆறு லயத்துக்கும் கேட்டது. அதிகாரிக்கும் கேட்டது. அவர் அந்த இடத்திலேயே எஸ்டேட் மேனேஜர் துரையிடம் பேசி, கொட்டகைக்குப் பன்னிரண்டு தகரம் தரவைத்தார்.

கமிட்டி சும்மா இருக்குமா? மைக் இல்லாமல் பேசி ஒழுங்கைக் குலைத்ததற்கு முத்துப்பேச்சியிடம் விளக்கம் கேட்டது. விஞ்ஞானத்துக்குத் தலைவணங்கி, ஆறு குழாய்க்கும் ஏற்ற நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் தருவித்தது. அது நனையக் கூடாதல்லவா? கொட்டகையை ஒட்டி அதற்கென ஓர் அறை எழுந்தது. வந்த பன்னிரண்டு தகரமும் அந்த அறையின் மேல் ஏறின.

நல்லமுத்து போய்க் கேட்டான். "புள்ளைக நனைஞ்சா துவட்டிக்கிடலாம். செட்டு நனைஞ்சா துவட்ட முடியுமாலே?" என்றார் ராக்கப்பன். இவ்வளவு ஆழமான கேள்வியை வாங்கிக்கொண்டு நல்லமுத்து வேலைக்குத் திரும்பினான். வாட்டுக்கு வாட் பொருத்தம் பார்த்து ஆறு குழாயையும் இணைத்தான்.

திறப்பு விழா ஒரு வேலை நாளில், கொட்டும் மழையில் நடந்தது. புது அறைக்குள் கமிட்டி முழுவதும் நனையாமல் அமர்ந்திருக்க, ராக்கப்பன் விசையை அழுத்தி, முன்னால் இருந்த மைக்கில் கனைத்தார். கனைப்பு வரவில்லை. ஆறு குழாயிலும் ஒரு குழந்தையின் இருமல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொட்டகையில் இருந்த எட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து. செட்டில் இணைத்திருந்த மைக் பக்கத்துக் கொட்டகைக்குள் தொங்கியது. சரிவில் கொழுந்து பறித்த பெண்கள் அவரவர் பிள்ளையின் இருமலை அடையாளம் கண்டு கூடையை இறக்கினார்கள்.

"நிறுத்துலே," என்றார் ராக்கப்பன் அடிக்குரலில்.

"பொருத்தம் சரியா இருக்கு, அண்ணாச்சி. இனி கருகாது," என்றான் நல்லமுத்து.

அன்றைய நடவடிக்கைப் புத்தகத்தில் 'ஒலி மிகத் தெளிவு' என்று பதிவாகியிருக்கிறது. கீழே கையெழுத்து மட்டும் மழையில் கரைந்திருக்கிறது. செயலாளர் பேனாவை மூடுவதற்குள் பெண்கள் அவர் தலைக்கு மேலிருந்த தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.