தலைவர் பதவியும் பதினேழாம் நம்பர் டோக்கனும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எத்தனை, எழுந்தவர்கள் எத்தனை என்று எண்ணி, இரண்டும் ஒத்துப்போன பிறகே கை கழுவப் போகிற மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கோலார் தங்கவயலில் இருக்கிறார். பெயர் லேம்ப் ரூம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

சுரங்கம் ஓடிய காலத்தில் மைசூர் மைன்ஸில் விளக்கு கொடுக்கும் அறையில் வேலை பார்த்தார். கீழே இறங்குகிறவர் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தலைவிளக்கை வாங்கிக்கொள்வார். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனைத் திரும்பப் பெறுவார். பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால், பூமிக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். லேம்ப் ரூமை மூட யாராலும் முடியவில்லை.

ஒருமுறை எங்கள் ஊர்க் கோரமண்டல் பகுதியில் ஒரு சாவு. அடக்கம் முடிந்து திரும்பியவர்களை இவர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"போனது நாப்பத்தி மூணு. வந்தது நாப்பத்தி ரெண்டு. ஒரு ஆள் கொறையுது. யாரும் உள்ள போவாதீங்க!"

"யோவ், அந்த ஒரு ஆளைப் பொதைக்கத்தானய்யா போனோம்!" என்றார் செத்தவரின் மச்சான்.

இழவு வீட்டில் சிரித்த பாவம் அன்று எங்கள் எல்லோருக்கும் சேர்ந்தது.

எங்கள் ஊர் நடைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், கடிதம் எழுதத் தெரிந்த ஒரே குற்றத்துக்காகச் செயலாளர். ஞாயிறுதோறும் குன்று, காடு என்று நடப்போம். கிளம்பும்போது அவர் பலகையில் ஆளுக்கொரு டோக்கனை மாட்ட வேண்டும். திரும்பியதும் அவரவர் கையாலேயே எடுக்க வேண்டும். என் நம்பர் பதினேழு.

ஒரு வாரம் தெருநாய் ஒன்று எங்களோடு வந்தது. அதற்கும் ஒரு டோக்கன் மாட்டினார். திரும்பும்போது அது ஊருக்குள் பாலகாட் பகுதியில் ஒரு கறிக்கடை முன்னால் உட்கார்ந்துவிட்டது.

"நாய்தானே, விடுங்க" என்றேன்.

"நம்பிகினு வந்துச்சே சார்!" என்றார்.

நாய் எலும்பைக் கடித்து முடிக்கிறவரை பதினாறு பேர் வெயிலில் நின்றோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. நாட்டிலுள்ள நடைச் சங்கங்கள், மலையேற்றச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த தேசியக் கூட்டமைப்பின் பொதுக்குழு எங்கள் ஊரில் கூடியது. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேம்ப் ரூம் நின்றார். முன்மொழிந்தவன் நான். அவர் தந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: நாட்டில் எல்லாச் சங்கத்துக்கும் ஒரு டோக்கன் பலகை.

"மலைக்குப் போனவன் காணோம்னு பேப்பர்ல போடறான். எண்ணினு போயிருந்தா, எண்ணினு வந்திருப்பான் இல்ல சார்?"

வந்திருந்த பிரதிநிதிகளுக்கு அது பிடித்துப்போனது. எதிர்த்து நின்றவர் டெல்லிக்காரர், நல்ல மனிதர். காலையில் எல்லோரையும் சயனைட் மேட்டுக்கு அழைத்துப் போனோம். தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கிறது. பாதி ஏறியதும் டெல்லிக்காரர், "இதற்குப் படிக்கட்டு இல்லையா?" என்று கேட்டார். அதோடு தேர்தல் முடிந்தது என்றே நினைத்தோம்.

இறங்கும்போது என் புதுச் செருப்பு கடித்தது. வீடு பத்து நிமிட நடை. கூட்டம் மூன்று மணிக்குத்தான். முகம் கழுவி, கொஞ்சம் சாய்ந்துவிட்டு வரலாம் என்று யாரிடமும் சொல்லாமல் நழுவினேன். மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தாள். முன்கதவில் பூட்டு. பின்கதவு வழியாக நுழைந்து, போனை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

கீழே பலகையில் பதினேழு தொங்கியது.

என்னைத் தேடி வீட்டுக்கு வந்த சங்கத்துக்காரர் ஒருவர் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார். மேட்டைச் சுற்றிப் பழைய ஷாப்டுகள், ஆழமான சுரங்கக் குழிகள் பல, வேலி இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. லேம்ப் ரூம் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நாங்கள் தேடுகிறோம், நீங்கள் ஹாலுக்குப் போங்கள். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் விலகியதாக எழுதிவிடுவார்கள்" என்று பிரதிநிதிகள் கெஞ்சினார்களாம்.

"இன்னாங்க பேசறீங்க? ஒரு ஆளை வுட்டுட்டு வந்து, எல்லாரையும் பத்திரமா கூட்டினு வருவேன்னு மைக்ல சொல்லட்டுமா?"

அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். டெல்லிக்காரர் போட்டியின்றித் தலைவரானார்.

நான் கண் விழித்தபோது மணி நாலரை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்த லேம்ப் ரூம் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் முள், முழங்கையில் ரத்தம். டோக்கனை நீட்டினார்.

"புடிங்க சார். பதினேழு. சரியாப்பூடுச்சு."

"மீட்டிங்?"

"அது முடிஞ்சிருக்கும். தண்ணி இருந்தா குடுங்க."

அதற்குப் பிறகு அவர் ஹாலுக்குப் போய், "சாருக்கு வெயில்ல மயக்கம் வந்துடுச்சு, ஊட்ல படுக்க வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பிரதிநிதிகள் ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு வந்து இறங்கினார்கள். புதுத் தலைவர் ஆப்பிள் கொண்டுவந்தார். நான் போர்வையை இழுத்துக்கொண்டு முனகினேன். லேம்ப் ரூம் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அதிகம் பேசாதீங்க சார்" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்த ஹார்லிக்ஸ் ஆறு மாதம் வந்தது. ஒரு வாய்கூட இனிக்கவில்லை.

இப்போது மறுபடியும் தேர்தல். அவர் பெயரை முன்மொழிந்து, அன்று நடந்த உண்மையையும் எழுதி, வேட்பாளர் கையெழுத்துக்காக அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தூங்கிட்டேன்னு எழுதனா கையெழுத்து போட மாட்டேன். மயக்கம்னு போடுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"ஊர்ல நாலு பேர் உங்களை வாத்தியாருன்னு கும்புடறாங்க சார். எனக்கு நாற்காலி வராட்டி பரவால்ல."

வேறு வழியில்லை. கடிதத்தில் மயக்கம் என்றே எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லேம்ப் ரூம் பத்திரிகை படிப்பதில்லை; அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். கூட்டமைப்பில் ஓட்டு உள்ளவர்களில் தமிழ் படிப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: அன்று எனக்கு மயக்கம் வரவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.