வரி பன்னிரண்டில் ஓர் ஆள் கூடுதல்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம். என் புரோகிராமுக்குத்தான் உடம்பு சரியில்லை.

போன வாரம் போனில், “ஓடமாட்டேங்குது மாப்பிள்ளை” என்றதற்கு, “அப்படிச் சொன்னா எனக்கு என்ன மாமா புரியும்? என்ன செஞ்சீங்க, என்ன வரணும், என்ன வந்துச்சு, ஒரு எழுத்து விடாம எழுதி அனுப்புங்க” என்று கடிந்துகொண்டீர்கள். முப்பத்தொரு வருஷம் கடைகடையாய்த் தராசு சோதித்து அறிக்கை எழுதியவனுக்கா சொல்லித்தர வேண்டும்? இதோ.

செய்தது: வீட்டில் ஆள் இல்லாதபோது மின்விசிறி தானே நிற்க, அறைக்கு ஒரு சென்சார் மாட்டி நாற்பது வரி எழுதினேன். வரவேண்டியது: ஒன்று. இருப்பது நான் ஒருத்தன்தானே. வந்தது: “பிழை, வரி 12. எதிர்பார்த்தது 1 ஆள். கிடைத்தது 2.”

தாங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். படுக்கையறை சென்சாரைக் கழற்றினேன், அந்த இரண்டாவது ஆள் கூடத்துக்கு வந்துவிட்டது. கூடத்திலும் கழற்றினேன், சமையலறைக்குப் போய்விட்டது. சரி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, வீட்டையே காலி செய்து பார்ப்போம் என்று பூட்டிக்கொண்டு தெருவில் நின்று ஜன்னல் வழியே பார்த்தால், பட்டப்பகலில் மின்விசிறி ஜம்மென்று சுற்றுகிறது, நான் சுவரோரம் போட்டுவிட்டு வந்த நாற்காலி அதற்கு நேர்கீழே கிடக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரர், “யாரைத் தேடுறீங்க சார்? உள்ள உட்கார்ந்திருந்தவங்க இப்பத்தான் எழுந்து போனாங்க”ன்னு சாதாரணமாச் சொல்றார். அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒரு டீ குடிச்சிட்டுத்தான் உள்ள போனேன் மாப்பிள்ளை, பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இது சரியாக வேண்டும். அன்றைக்குத் தங்கள் மனைவி வருகிறாள். “தனியா இருக்கீங்கப்பா, ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பார்ப்பா? வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்புங்க” என்று ஒரே பிடி. நான் தெளிவாத்தான் இருக்கேன்னு காட்டத்தானே இந்த நாற்பது வரியையும் எழுதினேன்! பிழையோட பார்த்தா அன்னைக்கே என் பெட்டியைக் கட்டிடுவா. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. எப்படியாவது காப்பாற்றுங்கள்.

தங்கள் கணினிகள் நோய்நொடியின்றி இருக்கவும், தாங்கள் இருவரும் சண்டை சச்சரவின்றி நெடுங்காலம் வாழவும் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது புரையேறி இருமல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர். நான் வைக்கவில்லை. குடித்துவிட்டேன். பிறகு வரி பன்னிரண்டைத் திறந்து, எதிர்பார்ப்பது 2 என்று மாற்றினேன். பிழை போய்விட்டது. தாங்கள் மெனக்கெட வேண்டாம். அப்பா தனியாக இல்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.